கிளாரா வந்தாளா, வந்ததா?

ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதி முடித்திருக்க வேண்டிய மாதங்களில் நான் நாவல்கள் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மொத்தம் ஆறு. அவற்றுள் இரண்டு, ஹைதராபாத் ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரியும் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை. இரண்டு நூலகத்தில் எடுத்தவை. ஒன்று நண்பரிடம் இரவல் பெற்று இன்னும் திருப்பித் தராதது. ஒன்று ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த பழைய சுஜாதா. ஐந்து அறிவியல் புனைவுகள், ஒரு மிகுபுனைவு. தனித்தனியே மதிப்புரை எழுதும் எண்ணம் இல்லை. ஆறையும் ஒரே கேள்வியோடு படித்தேன். அந்தக் கேள்வியைப் பற்றியே எழுதுகிறேன்.

கேள்வி ஓர் எக்செல் தாளிலிருந்து வந்தது. ஆய்வு உதவித்தொகை போதாத மாதங்களில், இயந்திர மொழிபெயர்ப்பின் தமிழ் வெளியீட்டைச் சரிபார்க்கும் பணியைச் செய்வதுண்டு. இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் இயந்திரம் தந்த தமிழ், அதற்கடுத்து ‘சரி’ அல்லது ‘பிழை’ என்று குறிக்க ஒரு கட்டம். ஒருநாள் இரவு இடப்பக்கத்தில் ‘தி கிளீனர் ஹாஸ் அரைவ்ட்’ என்று இருந்தது. வலப்பக்கத்தில் ‘கிளீனர் வந்துவிட்டது’ என்று இருந்தது. முன்பின் வாக்கியங்கள் இல்லை. வந்தது துப்புரவுப் பணியாளர் என்றால் இது பிழை. கடையில் வாங்கிய தூசு உறிஞ்சும் கருவி என்றால் சரி. ஆங்கில வாக்கியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ் வினைமுற்றோ வந்தவர் மனிதரா பொருளா என்று சொல்லாமல் முடியாது. சற்று யோசித்துவிட்டுப் ‘பிழை’ என்று குறித்தேன். அந்த இரவே கசுவோ இஷிகுரோவின் ‘கிளாரா அண்ட் த சன்’ நாவலைத் தொடங்கினேன்.

2021இல் வெளியான அந்நாவலைச் சொல்பவள் கிளாரா. பாருங்கள், ‘சொல்பவள்’ என்று எழுதிவிட்டேன். அவள் குழந்தைகளுக்குத் துணையாக விற்கப்படும் ஓர் இயந்திரத் தோழி. கடைச் சாளரத்தில் நின்று உலகைப் பார்த்துக் கற்கிறாள். சூரிய ஒளியே அவளுக்கு உணவு. ஓரிடத்தில், பக்கத்து வீட்டுச் சிறுவன் ரிக்கின் தாய் ஹெலன், தன் வீட்டுக்கு வந்திருக்கும் கிளாராவை விருந்தினராக நடத்துவதா, தூசு உறிஞ்சும் கருவியைப் போல நடத்துவதா என்று தெரியாமல் தடுமாறுகிறார். என் எக்செல் தாளின் கட்டம் நாவலுக்குள் வந்து நின்றதுபோல இருந்தது. ஆங்கிலத்தில் ஹெலன் அந்த ஐயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் ஹெலனோ ‘கிளாரா வந்திருக்கிறாள்’ என்றோ ‘வந்திருக்கிறது’ என்றோ ரிக்கிடம் சொல்லும்போதே தீர்ப்பு வழங்கிவிட்டிருப்பார்.

இந்தத் தீர்ப்பு நம் இலக்கணத்தில் எத்தனை பழையது என்பதை இத்துறை மாணவர் அறிவர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டிலேயே தொடங்குகிறது. மக்கட்சுட்டு உயர்திணை, மற்றவை அஃறிணை. இங்குள்ள ‘சுட்டு’ என்பதற்குக் ‘கருத்து’ என்று பொருள் கொள்வதுண்டு. அதாவது, மக்கள் என்று கருதப்படுவது எதுவோ அது உயர்திணை. உடலமைப்பை வைத்து வரையறுக்காமல் கருதுவோரின் நோக்கை வைத்து வரையறுத்ததாக நான் இதை வாசிக்கிறேன். எல்லைக்கோடும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூலில் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொள்கிறார். மிகுபுனைவு நாவலின் மாந்தர் பட்டியலே இலக்கணத்துக்குள் வந்துவிட்டது என்று வகுப்பில் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன். பிறகு யோசித்தால் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. தேவருக்கும் நரகருக்கும் திறந்த கதவு, அடுத்து யாருக்குத் திறக்கும்?

தமிழில் இக்கேள்வியைச் சந்தித்த முன்னோடி சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பெயர்களைக்கூட இரண்டெழுத்துக்குள் அடக்கிவிட்ட ஒரு சர்வாதிகார எதிர்காலம். நிலா, சிபி, ரவி, ஜீவா. அவர்களிடையே ஜீனோ என்ற இயந்திர நாய். பள்ளி நாட்களில் படித்தபோது கதைக்காகப் படித்தேன். இம்முறை வினைமுற்றுகளுக்காகப் படித்தேன். கதைசொல்லி ஜீனோவை ‘என்றது’ என்று அஃறிணையிலேயே வைக்கிறார். ஆனால் நாவலின் தலைப்பைப் பாருங்கள். இயந்திரத்தை விளித்தால் ‘இயந்திரமே’ என்று வர வேண்டும். ‘இயந்திரா’ என்பது ‘இயந்திரன்’ என்ற ஆண்பால் பெயரின் விளி. உள்ளே ‘அது’வாக இருக்கும் உயிரி, அட்டையில் ‘அவன்’ஆக அழைக்கப்படுகிறது. சுஜாதா இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அன்போடு அழைக்க முற்பட்ட கணத்தில் மொழி தானாகவே திணை மாறியது என்பதே முக்கியம். அவருக்கும் வசனத்தில் பங்குள்ள ‘எந்திரன்’ 2010இல் வெளிவந்தபோது, விகுதியே தலைப்பாகிவிட்டிருந்தது.

நன்னூலார் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கினால் அது குற்றமில்லை என்கிறார். வீட்டுப் பசுவைப் பார்த்து ‘அம்மா வந்துவிட்டாள்’ என்று மகிழ்ந்து சொல்வது உவப்பால் வந்த வழுவமைதி. ஜீனோவின் தலைப்பும் இந்த வகைதான். பட்டியலின் கடைசிச் சொல்லான இழிப்புக்குப் பிறகு வருகிறேன்.

ஆன் லெக்கியின் ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ (2013) வேறு திசையில் போகிறது. ஆயிரக்கணக்கான உடல்கள் கொண்டிருந்த ஒரு போர்க்கப்பலின் அறிவு, இப்போது ஒரே உடலில் எஞ்சி, பழிதீர்க்கப் புறப்படுகிறது. அதன் தாய்மொழியான ராட்ச் மொழியில் பால் வேறுபாடு இல்லை. ஆகவே கதை முழுவதும் எல்லோரும் ‘ஷி’. மற்ற மொழி பேசும் ஊர்களில், எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்று கணிக்கத் தெரியாமல் அது திணறும் இடங்கள் ஒரு மொழியியல் மாணவிக்கு விருந்து. இதைத் தமிழில் பெயர்த்தால் என்னவாகும் என்று சில பக்கங்களை முயன்று பார்த்தேன். ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரில் மட்டும் விழும் அடி, தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் விழுகிறது. படைத்தலைவி நின்றாள், சுட்டாள், ஆணையிட்டாள். அரைப் பக்கத்துக்குள் தலை சுற்றியது. நாவலாசிரியர் விரும்பியதும் அந்தச் சுற்றலைத்தான் என்று நினைக்கிறேன். அந்நாவலில் என்னை உறுத்திய செய்தி மற்றொன்று. அப்பேரரசின் மொழியில் ‘நாகரிகம் உடையவர்’ என்பதற்கும் ‘எங்கள் நாட்டவர்’ என்பதற்கும் ஒரே சொல். வெளியே இருப்பவரை நாகரிகம் உடையவர் என்று சொல்ல அம்மொழியில் வழியே இல்லை. ‘உயர்’திணை என்ற நம் சொல்லில் உள்ள ‘உயர்வு’ அப்போது என் காதில் வேறுவிதமாக ஒலித்தது.

அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலில், கெத்தன் கோளின் மக்களுக்கு நிலையான பால் கிடையாது. ஆயினும் அவர்களை ‘ஹி’ என்றே எழுதினார். விமர்சனங்கள் வந்தன. முதலில் தம் தேர்வை ஆதரித்து எழுதியவர், பின்னர் அதே கட்டுரைக்கு மறுப்புக் குறிப்புகளையும் தாமே சேர்த்து வெளியிட்டார். நம்மிடம் ‘அவர்’ இருக்கிறதே, சிக்கல் தீர்ந்தது என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் கதையைச் சொல்லும் தூதர் ஜென்லி ஆய், கெத்தன் மக்களை ஆண்களாகவே பார்க்கப் பழகியவர். அந்தக் குருட்டுத்தனம் மெல்ல உடைவதே நாவலின் உயிர். ‘அவர்’ என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே அவர் பண்பட்டவராகிவிடுகிறார். நம் மரியாதைப் பன்மை எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி ஆகிவிடாது. சில இடங்களில் அது கதையின் கசப்பைச் சர்க்கரை தடவி மறைத்துவிடும்.

இயந்திரங்களை எல்லாம் உயர்திணைக்கு உயர்த்துவதே முற்போக்கு என்று எண்ணத் தொடங்கிய வேளையில், மார்த்தா வெல்ஸின் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ (2017) என்ற குறுநாவல் என்னைத் தடுத்தது. மர்டர்பாட் என்று தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்ட பாதுகாப்பு இயந்திரம், தன்னைக் கட்டுப்படுத்தும் பொறியை முறித்துவிட்டு விடுதலை பெறுகிறது. பெற்ற விடுதலையை வைத்துத் தொடர்நாடகங்கள் பார்க்கிறது. மனிதராக வேண்டும் என்ற ஏக்கம் அதற்கு எள்ளளவும் இல்லை. ‘இட்’ என்பதே அதன் சுட்டு. மனிதர்கள் அதை மனிதராக நடத்த முயலும்போது கூச்சத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. ‘உயர்’ என்ற அடைமொழி இல்லாமலே மதிப்போடு வாழ முடியும் என்று சொல்லும் உயிரி அது. இதைத் தமிழாக்குபவர் பரிவு மிகுந்து ‘அவன்’ என்றோ ‘அவர்’ என்றோ எழுதினால், அதன் ஒரே விருப்பத்தை மீறியவர் ஆவார்.

கிளாராவும் மர்டர்பாட்டும் தன்மையில் பேசுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்றைய தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதில் திணை தெரியாது. இலக்கண வரலாற்றில் இது ஒரு சுவையான மாற்றம். தொல்காப்பியர் தன்மை வினைகளை உயர்திணையில் வைக்கிறார். நன்னூலார் தன்மையை இருதிணைக்கும் பொதுவாக்குகிறார். முதலாமவர் கணக்கில், ‘நான்’ என்று சொல்ல முடிந்ததே மக்களுள் ஒருவர் என்பதற்குச் சான்று. இரண்டாமவர் கணக்கில், ‘நான்’ யாரும் எடுத்து உடுத்தக்கூடிய ஆடை. இன்று உரையாடல் செயலிகள் தமிழில் ‘நான் உங்களுக்கு உதவுகிறேன்’ என்கின்றன. எங்கள் விடுதியில் தமிழ் மாணவர்கள் சிலர் ‘அது என்ன சொல்லுச்சு?’ என்கிறார்கள், சிலர் ‘அவன்கிட்டயே கேளு’ என்கிறார்கள். இதுவரை ‘அவள்’ என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. அதுவும் ஆராயத் தக்கது. தொல்காப்பியரா நன்னூலாரா என்ற பழைய விவாதம் விடுதி உணவகத்தில் தோசைக்குக் காத்திருக்கும் வரிசையில் தொடர்கிறது.

இந்நகரத்தில் வாழ்வதால் மற்றொரு கோணமும் கிடைத்தது. தெலுங்கில் ‘அதனு வச்சாடு’ என்றால் அவன் வந்தான். ‘ஆமெ வச்சிந்தி’ என்றால் அவள் வந்தாள். ‘அதி வச்சிந்தி’ என்றால் அது வந்தது. மரியாதை விகுதி சேராத ஒருமையில் பெண்ணும் பொருளும் ஒரே வினைமுற்றைப் பகிர்ந்துகொள்கின்றனர். பன்மையில் பெண்கள் மக்களோடு சேர்ந்து ‘வச்சாரு’ ஆகிவிடுகிறார்கள். இங்கு உஸ்மானியாவில் மொழியியல் கற்பித்து, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் ‘தி திரவிடியன் லாங்குவேஜஸ்’ (2003) நூலில், திராவிட மொழிகள் இந்தக் கோட்டை எத்தனை விதமாக வரைகின்றன என்பதைக் காணலாம். மலையாளத்தின் வினைமுற்றோ திணையும் பாலும் காட்டுவதையே விட்டுவிட்டது. என் தெலுங்குத் தோழியிடம் கிளாராவின் சிக்கலைச் சொன்னபோது, ‘எங்கள் வினைக்கு அது சிக்கலே இல்லை, கிளாரா வச்சிந்தி. பெண்ணாக இருந்தாலும் இதுதான், பொம்மையாக இருந்தாலும் இதுதான்’ என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

ஆறாவது நாவல், கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகராவின் ‘தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). சிறந்த நாவலுக்கான நெபுலா விருது பெற்றது. நாயகன் ஃபெட்டர் பிறந்தவுடன் அவன் தாய் அவனுடைய நிழலைப் பிய்த்தெறிகிறாள். மகானாகக் கொண்டாடப்படும் அவன் தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். பிறர் கண்ணுக்குப் படாத பேய்களை அவனால் பார்க்க முடியும். ஆனால் என்னை அஞ்சவைத்தவை பேய்கள் அல்ல. லூரியட் என்னும் அந்நகரின் ஆவணங்கள், இனமும் சாதியும் குறிக்கும் வகைப்பாடுகள், முகாம்கள். யார் எந்தக் கட்டத்தில் அடங்குவார் என்பதைத் தாள்கள் முடிவு செய்கின்றன. இலங்கையின் கடந்த அரை நூற்றாண்டை அறிந்த எந்தத் தமிழ் வாசகரும் இப்பக்கங்களைக் கற்பனை என்று மட்டும் கடந்துவிட முடியாது. இனி முடிச்சை அவிழ்க்கிறேன். படிக்க இருப்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். கதையைச் சொல்வது யார் என்பது பிற்பகுதியில்தான் தெரிகிறது. பிய்த்தெறியப்பட்ட அந்த நிழல். யாரும் கணக்கில் கொள்ளாத ஓர் அஃறிணைப் பொருள் ‘நான்’ என்று பேசத் தொடங்கும் கணத்தில், அதுவரை படித்த பக்கங்கள் அனைத்தும் இடம் மாறுகின்றன. தொல்காப்பியர் சொன்னது சரிதானோ என்று அப்போது தோன்றியது.

இனி, இழிப்பு.

விருதுநகர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் ‘அம்மா வந்துச்சு’ என்பது இயல்பான வழக்கு; அதில் அன்புதான் உண்டு. ஆனால் வாய்க்கால் அள்ள வந்த பெரியவரைப் பற்றி ‘அது வந்துட்டுப் போயிருச்சா?’ என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டபோது, அந்த அதே விகுதியில் அன்பு இருக்கவில்லை. அவருக்கு என் தாத்தாவின் வயது இருக்கும். எட்டு வயதில் எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. நானும் அப்படியே பேசினேன். அண்மையில் ஊர் சென்றபோது, பேருந்தில் ஏறிய ஒரு திருநங்கையைப் பற்றி நன்கு உடுத்திய ஒருவர் ‘அது எங்க இறங்கும்?’ என்று நடத்துநரிடம் கேட்டார். பாலினத்தைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் உறுதிசெய்தது. தொல்காப்பியமோ சொல்லதிகாரத்தின் தொடக்க நூற்பாக்களிலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரும் உயர்திணை விகுதிகளையே ஏற்கும் என்று சொல்லிவிட்டது. இலக்கணம் கொடுத்த இடத்தைப் பேருந்தில் பறித்துவிடுகிறோம்.

அந்த எக்செல் தாளுக்கு மீண்டும் வருகிறேன். ‘கிளீனர் வந்துவிட்டது’ என்பதற்கு எதிரே ‘பிழை’ என்று குறித்தபோது, இயந்திரத்துக்கு மனிதரைத் தெரியவில்லை என்று சற்றுப் பெருமிதத்தோடு நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இயந்திரம் நம் வாக்கியங்களிலிருந்து கற்கிறது. வாய்க்கால் அள்ளியவரை அஃறிணையில் சொன்ன வாக்கியம் என் வீட்டுத் திண்ணையில் பிறந்தது. அதற்கு எதிரே அன்று யாரும் ‘பிழை’ என்று குறிக்கவில்லை. கரேல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியே உலகுக்கு வந்த ‘ரோபாட்’ என்ற சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. செக் மொழியும் பெயர்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரித்து விகுதி கொடுக்கும் மொழி. சாபெக் தம் ரோபாட்டுகளுக்கு உயிருள்ளோர்க்குரிய பன்மையையே கொடுத்தார். இயந்திரக் கதைகள் தொடக்கத்திலிருந்தே, வேலை வாங்கிக்கொண்டு மனிதராகக் கருத மறுத்தவர்களின் கதைகளாகவும் இருந்திருக்கின்றன.

‘இதெல்லாம் வெறும் விகுதி; விகுதி மாறினால் நடத்தை மாறுமா?’ என்று என் நெறியாளர் கேட்பார் என்று தெரியும். மாறாது என்பதற்குத் தெலுங்கும் மலையாளமும் சான்று. மலையாள வினை திணை காட்டுவதில்லை என்பதால் கேரளத்தில் யாரும் யாரையும் இழிவாகப் பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. மொழி சிந்தனையைச் சிறைவைக்கிறது என்ற வலுவான கோட்பாட்டை நான் ஏற்பவளும் அல்ல. நான் சொல்ல விரும்புவது அதைவிடச் சிறியது. சில மொழிகளில் மறைத்துக்கொள்ள முடிந்த ஒரு முடிவைத் தமிழ் ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் வெளியே வைத்துவிடுகிறது. நாவலாசிரியருக்கு இது கிடைத்தற்கரிய கருவி. ஒரு பாத்திரம் ‘என்றது’விலிருந்து ‘என்றாள்’ ஆகும் பக்கமே ஒரு தமிழ் அறிவியல் புனைவின் உச்சக் காட்சியாக இருக்க முடியும். விண்கல வெடிப்பு தேவைப்படாது. அதற்கு எதிர்த்திசையில், ஒரு மனிதர் ‘என்றார்’ என்பதிலிருந்து ‘என்றது’ ஆகும் பக்கம், நான் படித்த எந்தப் பேய்க்கதையையும்விட அச்சமூட்டும்.

தமிழில் இன்று எழுதப்படும் அறிவியல் புனைவுகளில் கோள்களும் கருவிகளும் நிறைய வருகின்றன. கருவிகளின் பெயர்களுக்குக் கலைச்சொல் தேடி நாம் விவாதிக்கவும் செய்கிறோம். வினைமுற்றைப் பற்றி அவ்வளவாக யாரும் கவலைப்படுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்களும் ‘இட்’ என்றால் ‘அது’, ‘ஷி’ என்றால் ‘அவள்’ என்று அகராதியைப் பின்பற்றிப் போய்விடுகிறார்கள். கலைச்சொல் பிழைத்தால் அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். விகுதி பிழைத்தால் நாவலே வேறாகிவிடும்.

சென்ற வாரம் அந்தத் தாளைத் திரும்பத் திறந்தேன். ‘பிழை’ என்பதை அழிக்கவில்லை. பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில், ‘வந்தவர் யார் என்று தெரியாதபோது மனிதர் என்றே கொள்க’ என்று எழுதிச் சேமித்தேன். கருவியைத் தவறுதலாக ‘வந்துவிட்டார்’ என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். மனிதரை ‘வந்துவிட்டது’ என்று சொன்னால் அவர் தலைகுனிவார். இரண்டு பிழைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல.

நான்காம் இயல் இன்னும் முடியவில்லை. தமிழில் இயந்திரமோ பேயோ வேற்றுக்கோள் உயிரியோ திணை மாறும் நாவல் எதையேனும் நீங்கள் படித்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பக்க எண்ணும் தந்தால் மகிழ்வேன். எனக்கு அந்த வினைமுற்றைப் பார்க்க வேண்டும்.